மூடுதலும் மறைத்தலும்

குறையை மூடுவது நற்குணமா, குற்றமா? இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒரு மனிதனின் குறையை ஊரறியச் செய்யாமல் மூடி வைப்பது பெருந்தன்மை என்கிறோம். விற்கும் பொருளின் குறையை வாங்குபவன் அறியாமல் மூடி வைப்பது மோசடி என்கிறோம். இரண்டையும் நமது மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்பது நமது நம்பிக்கை. கடைத்தெருவில் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், விரல்களில் ஈரம் படக் கண்டு, மழையில் நனைந்த பகுதியை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த செய்தியும் நமக்குப் பாடமாக இருக்கிறது.

மூடுதல் என்ற செயல் ஒன்றுதான். அது ஓரிடத்தில் நன்மையாகவும் இன்னோரிடத்தில் தீமையாகவும் மாறுவது எவ்வாறு? மனிதனுக்கு ஒரு நீதி, பண்டத்துக்கு ஒரு நீதி என்று சொல்லி இலகுவாக நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த விடை போதாது. மனிதர் விடயத்திலும் மூடக்கூடாதவை உண்டு. பண்டத்திலும் மூடியே ஆகவேண்டியவை உண்டு. இதைச் சிந்திப்பதற்கு, இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஓர் இடத்துக்கு வாசகரை அழைக்கிறேன். அது பழைய கார்களைப் புதுப்பிக்கும் கராஜ். அங்கே நடக்கும் பல வேலைகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம்: காரின் உடலில் மினுங்கும் அலங்காரப் பட்டைகளுக்குக் கீழே மழைநீர் புகாமல் அடைக்கும் வேலை.

*

மொரிஸ் மைனரை அறியாதவர்கள் நம் நாட்டில் குறைவு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. மொத்தம் 16 இலட்சத்துக்கும் அதிகம். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. இலங்கைக்கு வந்த மைனர்களில் பல இன்னும் ஓடுகின்றன. 1977 க்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள், இருப்பதைத் திருத்திப் பாவிக்கும் பழக்கத்தை நமக்குக் கற்றுத் தந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் பெறுமதி ஏறியது. பெறுமதி ஏறிய இடத்தில் புதுப்பிக்கும் வேலையும் பெருகியது. அதனோடு மேற்பூச்சு வேலையும் பெருகியது.

இத்தகைய கார்களில் மினுங்கும் பாகங்கள் பல. மைனரின் பொனெட் நடுவே ஓடும் பட்டை, அதன் முனையிலுள்ள சின்னம், முன்கண்ணாடியைச் சுற்றிய இறப்பரில் பதித்த பளபளப்பான ஓரம் ஆகியவை அவற்றுட் சில. வொக்ஸ்வேகன் பீட்டிலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பட்டையை நாம் எல்லோரும் கண்டிருப்போம். பார்ப்பவருக்கு இவை அழகு. திருத்துபவருக்கோ ஒவ்வொரு பட்டையும் சில துளைகளின் அடையாளம். பட்டையைப் பிடித்து வைக்கும் கிளிப்புகளோ ஆணிகளோ தகட்டைத் துளைத்துத்தான் நிற்க வேண்டும். மழை விழும் முகத்தில், அழகுக்காக, நாமே துளையிட்டிருக்கிறோம்.

துளையைவிட ஆபத்தானது பட்டைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளி. மயிர்த்துளைத்தன்மையால் நீர் அந்த இடைவெளிக்குள் தானாகவே இழுக்கப்படுகிறது, மேல்நோக்கியும் ஏறுகிறது. புழுதியும் உப்பும் அதனோடு சேர்ந்து தங்குகின்றன. வெளித்தகடு வெயிலில் காய்ந்த பின்னும் பட்டையின் கீழ் ஈரம் காய்வதில்லை. காற்றுப் படும் இடமே துருப்பிடிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஒடுங்கிய இடைவெளியில் நடப்பது வேறு. வெளி ஓரத்து நீரில் ஒட்சிசன் அதிகம், உட்பகுதி நீரில் குறைவு. இந்த வேறுபாட்டினால் ஒரு சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாகி, ஒட்சிசன் குறைந்த உட்பகுதி இரும்பே அரிக்கப்படுகிறது. கண் எட்டாத இடத்தில்தான் அழிவு வேகமாக நடக்கிறது. கடற்கரையோரக் காற்றிலுள்ள உப்பு அந்த வேகத்தைக் கூட்டுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. ஆதலால் ஒரு நாள் வர்ணம் கொப்பளித்து எழும்புகிறது. நாம் நோயைக் காணும் நாள் அது. அது தொடங்கிய நாள் எப்போதோ போய்விட்டது.

நீர் புகும் இடமும் அது தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. முன்கண்ணாடியின் மேல் மூலையில் புகுந்த நீர், இறப்பரின் பள்ளத்தோடு ஓடி, உட்தகட்டில் வழிந்து, சாரதியின் கால்மாட்டில் கம்பளத்தை நனைக்கும். கம்பளம் நனைந்திருப்பதைக் கண்டவர் தரைத் தகட்டைச் சந்தேகிப்பார். தேர்ந்த கைவினைஞர் அப்படி அவசரப்படமாட்டார். ஒருவரை உள்ளே டோர்ச் வெளிச்சத்துடன் இருத்தி, வெளியிலிருந்து தண்ணீர்க்குழாயைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே கொண்டுபோவார். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடமும் வழிந்து, எது புகுந்த வழி என்று தெரியாமற் போய்விடும். உள்ளே சந்தேகமான இடங்களில் பவுடர் தூவுவதும் உண்டு. நீர் வந்த பாதையை அது கோடு போட்டுக் காட்டும்.

*

ஒழுங்காகச் செய்தால் அடைக்கும் வேலை இப்படி நடக்கும். முதலில் பட்டைகளையெல்லாம் கழற்ற வேண்டும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். துரு தின்ற பகுதியை வெட்டி நல்ல தகடு ஒட்டவைக்க வேண்டும். பின்னர் துருத் தடுப்புப் பூச்சும் வர்ணமும், துளையின் உள் விளிம்பு உட்பட. அதன் பிறகே அடைக்கும் பசை. கிளிப்பைச் சுற்றி, காய்ந்து இறுகாத வகைப் பசையை வைத்து அழுத்திப் பொருத்தி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிட வேண்டும். உட்புறம் எட்டக்கூடிய இடமாக இருந்தால் அங்கும் அடைக்க வேண்டும். முன்கண்ணாடியில் என்றால் இறப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையிலும், இறப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலும் பசை போக வேண்டும். இவ்வளவும் முடிந்து பட்டை ஏறிய பின் வெளியே என்ன தெரியும்? எதுவும் தெரியாது. பட்டை மட்டுமே தெரியும்.

இதே பட்டையை இந்த வேலை எதுவும் செய்யாமல் பொருத்தவும் முடியும். துருவின் மேல் புட்டியை அப்பித் தேய்த்து, வர்ணம் அடித்து, கடையில் வாங்கிய சிலிக்கனைத் துளையில் பிதுக்கி, பட்டையை ஏற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வினாகிரி மணக்கும் சிலிக்கன் வகை இறுகும்போது அசற்றிக்கமிலத்தை வெளிவிடுகிறது. வெறும் இரும்பில் அது பட்டால் துருவுக்குத் துணையாகிறது. காரைக் கையேற்கும் நாளில் இரண்டு கார்களுக்கும் வித்தியாசம் கிடையாது. கல்யாண ஊர்வலத்தில் இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். இரண்டு மூன்று மாரிகாலம் கழிந்த பிறகுதான் வித்தியாசம் வெளிப்படும்.

நமது கேள்விக்குரிய முதல் வெளிச்சம் இங்கே கிடைக்கிறது. இரண்டு காரிலும் மூடுதல் நடந்திருக்கிறது. ஒன்றில் பட்டை மூடியது சுத்தம் செய்து மருந்திட்ட இடத்தை. மற்றதில் பட்டை மூடியது ஈரமான துருவை. முதலாவது மூடுதல் தகட்டைக் காக்கிறது. இரண்டாவது மூடுதல் தகட்டைக் காக்கவில்லை, விற்பவரைக் காக்கிறது. ஆகவே ஒரு மூடுதலைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, எதைக் காப்பதற்காக இது மூடப்பட்டது என்பதே.

இது வெறும் அழகைப் பற்றிய தகராறு அல்ல. மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடல்தான் சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகடுகளும், பின் வில்லின் முனையைத் தாங்கும் இடமும் காரின் எலும்புகள் போன்றவை. மேலே புகுந்த நீர் ஈற்றில் வந்து தங்குவது இந்தத் தாழ்வான இடங்களில்தான். வில்லைத் தாங்கும் தகடு உக்கிய கார், ஒரு வளைவில், வேகத்தில், குடும்பத்தோடு போகையில் என்ன செய்யும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளை, அந்தப் பட்டையின் கீழ் யார் எதை மூடினார் என்று அறியாது.

*

இதற்குக் கைவினைஞர் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுமொழிகளையும் கேட்க வேண்டும். அவற்றில் நியாயம் இல்லாமலில்லை.

வாடிக்கையாளர் மினுக்கத்துக்குத்தான் காசு தருகிறார், மறைவான வேலைக்குத் தருவதில்லை என்பது ஒன்று. இது உண்மை. மலிவு விலை பேசி, திகதியை முன்தள்ளி, அவசரப்படுத்துகிறவர் அந்த மறைப்பில் ஒரு பங்குதாரர் என்றே சொல்ல வேண்டும். குறைந்த கூலிக்கு நிறைந்த வேலையை எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கூலி குறைந்ததால் குறையக்கூடியது வேலைதான். உண்மை குறைய முடியாது. இந்தத் துளைகளை நான் அடைக்கவில்லை, கீழே துரு இருக்கிறது, அடுத்த மாரிக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குக் காசு செலவில்லை. செய்யாத வேலையைச் செய்யவில்லை என்று சொல்பவர் நேர்மையாளர். செய்யாத வேலையைப் பட்டையால் மூடுபவரைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

எந்தக் காரும் என்றோ ஒருநாள் துருப்பிடிக்கத்தானே போகிறது என்பது இன்னொரு மறுமொழி. எந்த நோயாளியும் என்றோ ஒருநாள் இறக்கத்தான் போகிறார் என்று ஒரு வைத்தியர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? காலத்தைத் தள்ளிப்போடுவதுதான் பராமரிப்பு என்பதன் பொருள்.

மூன்றாவது மறுமொழி எவரும் வாய்விட்டுச் சொல்லாதது: யாருக்குத் தெரியப் போகிறது? உண்மையில் இதுவே வலிமையானது. பத்து வருடத்தின் பின் துரு வெளிப்படும்போது, அது எந்தக் கையின் தவறு என்று கண்டுபிடிக்க முடியாது. கார் இரண்டு பேரின் கைக்கு மாறியிருக்கும். கராஜும் இடம் மாறியிருக்கும். பழி வராது என்று நிச்சயமாகத் தெரிந்த பின்னும் ஒரு கிளிப்பைச் சுற்றிப் பசை வைக்கும் கைக்கு என்ன காரணம்? அமானிதம் என்று நாம் சொல்வது இதைத்தான் என நினைக்கிறேன். ஒப்படைத்தவர் சோதித்துப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒழுங்காக இருப்பது ஒப்பந்தம். அவரால் ஒருபோதும் சோதிக்க முடியாத இடத்திலும் ஒழுங்காக இருப்பது அமானிதம்.

*

இதுவரை சொன்னதைக் கேட்டு, அப்படியானால் எல்லாத் துளையையும் இறுக அடைத்துவிடுவதே சிறந்த வேலை என்று ஒருவர் முடிவு செய்யலாம். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் செய்வது இதுவே. பழைய காருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

கதவை எடுத்துக்கொள்வோம். ஏற்றி இறக்கும் கண்ணாடியின் ஓரத்தால் மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அதை முற்றாகத் தடுக்க முடியாது என்பதைக் காரை அமைத்தவர் அறிவார். எனவே கதவின் அடியில் துவாரங்கள் வைத்திருக்கிறார். உள்ளே வந்த நீர் அவற்றினூடாக வெளியேறும். பீட்டில் போன்ற கார்களில் கதவின் உட்பலகைக்குப் பின்னே ஒரு பிளாஸ்டிக் தாளும் உண்டு. நீர் ஆசனப் பக்கம் வராமல் அது திருப்பிக் கீழே விடும். பழைய காரைப் பிரித்தவர் அந்தத் தாளைத் தேவையற்றதென எறிந்துவிட்டு, கீழ்த் துவாரங்களை ஓட்டையென நினைத்துப் பசையால் அடைத்தால் என்ன நடக்கும்? கதவு ஒரு தொட்டியாகும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே கதவின் அடித்தகடு தண்ணீரில் ஊறிக்கிடக்கும். பட்டைகளுக்கும் இதே நியாயம்தான். துளைகளை அடைக்க வேண்டும். நீண்ட பட்டையின் கீழ் விளிம்பைத் திறந்துவிட வேண்டும். புகுந்த நீர் வழிந்து போக ஒரு வழி வேண்டும்.

நீர் இறங்கும் திசையும் முக்கியம். கிடுகு வேய்பவர் ஏன் இறப்பிலிருந்து தொடங்கி மேலே போகிறார் என்பது நமக்குத் தெரியும். மேற்கிடுகு கீழ்க்கிடுகின் மேல் படிந்தால்தான் மழை வழிந்தோடும். மைனரை வடிவமைத்த அதே இசிகோனிஸின் மினி 1959 இல் வெளிவந்தபோது, ஆரம்ப வண்டிகளில் தரைத் தகடுகளின் பொருத்து தவறான திசையில் படிந்திருந்தது. ஓடும்போது தெருவின் நீரை அது உள்ளே அள்ளிக்கொடுத்தது. பொருத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. பிழையான அமைப்பைப் பசையால் நெடுநாள் காப்பாற்ற முடியாது.

இது நமது கேள்விக்குரிய இரண்டாவது வெளிச்சம். நல்ல மூடுதல், குறை வராது என்று பாசாங்கு செய்வதில்லை. வரும் என்று ஏற்றுக்கொண்டு, அது வெளியேற ஒரு வழியை வைத்திருக்கிறது. நமது கூரைப் பீலியும் அதைத்தான் செய்கிறது.

*

இனி மனிதரிடம் வருவோம். வகுப்பறையிலே வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை எல்லார் முன்னும் எழுப்பி வாசிக்கச் சொல்லி, சிரிப்புக்கு ஆளாக்காமல் விடுவது ஆசிரியரின் கடமை. அந்தக் குறையை வகுப்பின் கண்ணிலிருந்து மூடி, பாடசாலை விட்ட பின் அவனை இருத்தி எழுத்தைக் கற்பித்தால், அது சுத்தம் செய்த துளையின் மேல் ஏறிய பட்டை. அதே பிள்ளைக்குப் புள்ளியைக் கூட்டிப் போட்டு, அறிக்கையை அழகாக்கி, அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டால், அது துருவின் மேல் அப்பிய புட்டி. பெற்றார் மகிழ்வர், பாடசாலையின் பெயரும் காக்கப்படும். சாதாரண தரப் பரீட்சையில் வர்ணம் கொப்பளிக்கும். அப்போது அவனுக்குப் பதினாறு வயதாகியிருக்கும்.

இதைவிடக் கனமான இடமொன்றும் உண்டு. ஒரு வீட்டில் கணவன் மனைவியை அடிக்கிறான். அயல் அறியும், உறவு அறியும். குடும்ப மானம், ஊர் மானம் என்று சொல்லி எல்லாரும் மூடுகிறார்கள். பிறர் குறையை மறைக்கும் நற்குணம் என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறார்கள். இங்கே நமது இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். இந்த மூடுதல் யாரைக் காக்கிறது? அடிக்கும் கையை. உள்ளே இருப்பவளுக்கு வெளியேறும் வழி வைத்திருக்கிறதா? இல்லை, கதவின் அடித்துவாரத்தைத்தான் முதலில் அடைத்திருக்கிறார்கள். தனக்குத்தானே தவறிழைத்து வெட்கப்படும் மனிதனின் குறையை மூடினால் அவன் திருந்த அவகாசம் கிடைக்கிறது. இன்னொருவரை உக்கச் செய்யும் குறையை மூடினால் உக்குதலுக்கே அவகாசம் கிடைக்கிறது. அநீதிக்கு ஆளானவர் முறையிடுவதையும், ஆபத்திலிருந்து பிறரை எச்சரிப்பதையும் புறங்கூறல் என்ற குற்றத்திலிருந்து இமாம் நவவி போன்ற அறிஞர்கள் விலக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த வடிகால் துவாரங்களை, ஓட்டையென நினைத்து நாம் அடைத்துவிடக் கூடாது.

*

கடைசியாக ஒன்று. இறுகாத பசையைத் தேர்ந்த கைவினைஞர் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபது வருடம் கழித்து வேறொருவர் அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டி வரும். இறுகிப் பாறையான பசையால் ஒட்டப்பட்டிருந்தால் பட்டை வளையும், வர்ணம் உரியும், தகடும் கிழியலாம். இறுகாத பசையென்றால் நிதானமாகக் கழற்றி, கீழே பார்த்து, மீண்டும் பொருத்தலாம். தன் வேலையும் ஒருநாள் திறந்து பார்க்கப்படும் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட மூடுதல் அது. மறைப்பவர் தன் பட்டை என்றும் திறக்கப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். மூடுபவருக்கு அந்தப் பயம் இல்லை.

ஆக, மூடுதல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. மூடும் முன் திறந்து பார்த்தோமா, காக்கப்படுவது பாதிக்கப்படக்கூடியவரா அல்லது பாதிப்பைச் செய்தவரா, உள்ளே ஈரம் சேர்ந்தால் வெளியேற வழி விட்டோமா, இன்னொருவர் திறந்து பார்க்கச் சம்மதிப்போமா என்று நான்கு கேள்விகள்தான் உண்டு. கராஜிலும், வகுப்பறையிலும், வீட்டிலும் அவை ஒன்றே. மழைக்குப் பட்டையின் மினுக்கம் கணக்கில்லை. அது துளையைத் தேடித்தான் வரும்.